பேர் சொன்னா வரும்!

கரண்ட் கம்பங்களைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். ‘மூலம், பவுத்திரம் - ஆபரேஷன் இல்லாமல்’, ‘வீட்டிலிருந்தபடியே மாதம் 40 ஆயிரம்’, ‘ஆண்களுக்கு மட்டும் ரூம் வாடகைக்கு’... இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு ஜெராக்ஸ் முகம் நம்மைப் பார்க்கும். மேலே கொட்டை எழுத்தில் ‘காணவில்லை’. கீழே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நாய்.

முகம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மழை மேகத்துக்கு இரண்டு காது முளைத்த மாதிரி இருக்கும். வாசகம் இன்னும் விசேஷம்: ‘பிரவுன் கலர். சாதுவானது. பெயர் ஜிம்மி. பேர் சொன்னா வரும். கண்டுபிடித்துத் தருபவர்களுக்குத் தக்க சன்மானம்.’

‘பேர் சொன்னா வரும்னா நீங்களே கூப்பிட்டுக்க வேண்டியதுதானே சார்?’ என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். அந்த மனுஷன் மூன்று நாளாக ஏழெட்டுத் தெருவில் அந்தப் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போன பிறகுதான் ஜெராக்ஸ் கடைக்கே போயிருப்பார்.

பேரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டு நாய்களுக்கு மொத்தமே பத்துப் பேர்தான். ஜிம்மி, டாமி, டைகர், சீசர், பப்பி, ரோஸி, மணி, ராஜா... மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நடுத்தெருவில் நின்று ‘டேய் மணி’ என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். மெஸ் சப்ளையர், வீட்டு புரோக்கர், எலெக்ட்ரீஷியன் என்று மூன்று பேர் திரும்புவார்கள். மூன்று பேருமே ‘யாரு இவன், மரியாதை இல்லாம?’ என்று பார்ப்பார்கள். நாய் மட்டும் வராது.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர் வீட்டில் இருப்பதும் ஒரு மணிதான். (நண்பர் பேர் வேண்டாம். இன்க்ரிமென்ட் நேரம்.) செவலை நிற நாட்டு நாய். மழையில் நனைந்துகொண்டு வாசலில் கிடந்த குட்டியை அவருடைய அம்மா எடுத்து வளர்த்தார். முதலில் ‘இதெல்லாம் வீட்டுக்குள்ள வரப்படாது’ என்றவரும் அதே அம்மாதான். அப்புறம் தயிர்சாதத்தைத் தானே பிசைந்து ஊட்டியவரும் அவர்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி. பக்கத்து வீட்டு மாமி பட்சணத் தட்டோடு கேட்டைத் திறக்கவும், எதிர்த்த தெருவில் எவனோ ஒரு புண்ணியவான் பத்தாயிரம் வாலாவைப் பற்ற வைக்கவும் சரியாக இருந்தது. மணி அந்தக் கேட் சந்தில் புகுந்து ஓடியது ஓடியதுதான்.

இதில் நாயைக் குற்றம் சொல்ல முடியாது சார். நம் காது வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகள் வரைதான் கேட்கும். நாயின் காது சுமார் 45 ஆயிரம் வரை போகும். நமக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் வெடி, அதற்கு எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் வீடு, வாசல், தயிர்சாதம் எதுவும் ஞாபகம் வராது. கால் போன போக்கில் ஓடும். சத்தம் நின்றபிறகு பார்த்தால் ஊரே புதுசாக இருக்கும். அத்தனை தெருவிலும் வெடிமருந்து வாசனை. தன் வீட்டு வாசனையை அதில் எங்கே போய்த் தேடுவது?

நண்பர் பைக்கில் சுற்றினார். போஸ்டர் ஒட்டினார். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அதில் எழுபது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள், ஒருத்தர் ‘ஹேப்பி தீபாவளி’ என்றார். வீட்டில் அம்மா நான்கு ராத்திரி கேட்டைப் பூட்டவிடவில்லை. வாசல் லைட்டை அணைக்கவிடவில்லை. திண்ணையில் தட்டில் சோறு. காலையில் காக்காய்க்கு.

ஐந்தாம் நாள், கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பி போஸ்டரைப் பார்த்துவிட்டு, “பைபாஸ் டீக்கடைல ஒண்ணு படுத்திருக்கு சார், இதானா பாருங்க” என்று சொன்னார். போனால், அதேதான். வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். டீ மாஸ்டர் சொன்னதை நண்பர் அப்படியே எங்களுக்கு ஒப்பித்தார்.

“நாலு நாளா இங்கதான் கெடக்கு தம்பி. வீட்டுல வளர்ந்ததுன்னு பார்த்தாலே தெரியுது. பொறையைத் தூக்கிப் போட்டா திங்க மாட்டேங்குது. கையில வெச்சுக் குடுத்தாத்தான் திங்குது. கழுத்துல பாருங்க, சலங்கை இருக்கு, கலர் கல்லு இருக்கு, தாயத்து இருக்கு. ஒரு போன் நம்பரு இல்லையே தம்பி! நான் யாருக்குன்னு போன் போடுறது?”

நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய கழுத்துப் பட்டை அது. கண்ணேறு படாமலிருக்க மந்திரித்த தாயத்து வேறு. அத்தனையும் இருந்தும், பத்து எண்கள் இல்லாததால் நான்கு நாள் போயிற்று. அந்த மாஸ்டரின் சட்டைப் பையிலேயே செல்போன் இருந்தது. சார்ஜும் இருந்தது. அவருக்கு மனசும் இருந்தது.

இந்த வாரம் நான் சொல்ல வந்த சமாசாரமே இதுதான். நம் நாய்க்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரியும். தெருமுனையில் நம் பைக் திரும்பும்போதே சத்தத்தை வைத்து எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் அது தெரிந்துவைத்திருப்பதை அடுத்தவருக்குச் சொல்ல அதனால் முடியாது. அதைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு, அதுவும் தொலைவதற்கு முன்னால்.

* * *

நம்ம ஊரில் இது இன்னும் முக்கியம். ராட்வீலரோ, கோல்டன் ரெட்ரீவரோ தனியாகத் தெருவில் நடந்தால் ‘யாரோ பெரிய வீட்டு நாய் போல’ என்று நாலு பேர் நின்று பார்ப்பார்கள். நாட்டு நாய் நடந்தால் யார் பார்ப்பார்கள்? தெருவில் ஏற்கெனவே இருக்கும் பத்தோடு பதினொன்று. கழுத்துப் பட்டை அறுந்து விழுந்துவிட்டதோ, போச்சு, ஐந்து வருஷம் நம் கட்டிலுக்கடியில் தூங்கிய ஜீவன் ஒரே நிமிஷத்தில் தெருநாய்.

மாநகராட்சி வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த மத்திய அரசின் கருத்தடை விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் ‘வி’ மாதிரி ஒரு சின்ன வெட்டு வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். கவனியுங்கள், ‘பிடித்த இடத்தில்’. உங்கள் வீட்டு வாசலில் அல்ல. அவர்கள் மேல் தப்பில்லை. கதவு எண் என்ன என்று அது சொன்னால்தானே கொண்டுவிட முடியும்!

சரி, நாய் கிடைத்தே விட்டது. ‘இது என் நாய்’ என்று எப்படி நிரூபிப்பீர்கள்? சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது.

2020 நவம்பர். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்ற ஊர். (இப்போது நர்மதாபுரம்.) ஒரு கறுப்பு லாப்ரடார். ஒருவர் போலீஸில் போய், “காணாமல்போன என் கோகோ, இன்னொருத்தர் வீட்டில் இருக்கிறது” என்று புகார் கொடுத்தார். அந்த இன்னொருத்தர், “கோகோவாவது கீகோவாவது, இது என் டைகர்” என்றார். நாயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ‘கோகோ’ என்றாலும் வாலை ஆட்டியது. ‘டைகர்’ என்றாலும் ஆட்டியது. சாட்சி இரு தரப்புக்கும் சாதகம்!

மரியாதை ராமன் இருந்திருந்தால் ஏதாவது யோசனை சொல்லியிருப்பார். போலீஸார் டி.என்.ஏ. டெஸ்ட்டுக்குப் போய்விட்டார்கள். நாயின் ரத்தம், அதைக் குட்டியாக வாங்கியதாகச் சொன்ன பச்மடியில் இருக்கும் அப்பா நாயின் ரத்தம், இரண்டும் ஹைதராபாத் லேபுக்குப் போயின. சினிமாவில் கதாநாயகனுக்குத்தான் அப்பா யார் என்று கிளைமாக்ஸில் தெரியும். இங்கே நாய்க்குத் தெரிந்தது. 2021-ல் ரிப்போர்ட் வந்து, புகார் கொடுத்தவர் பக்கம் தீர்ப்பானது. இடையில் மாசக்கணக்கில் இழுபறி.

தோலுக்கடியில் ஒரு அரிசி அளவு சமாசாரம் இருந்திருந்தால் இரண்டே வினாடியில் முடிந்திருக்கும் விவகாரம் இது.

* * *

அந்த அரிசிதான் மைக்ரோசிப். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் குறுக்களவு. கண்ணாடி உறைக்குள் ஒரு சில்லு. தடுப்பூசியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசியால், இரண்டு தோள்பட்டைக்கு நடுவே தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். மயக்க மருந்து வேண்டாம். ஊசி போட்டதற்கு நாய் ஒருமுறை திரும்பி முறைக்கும், அவ்வளவுதான்.

அதில் பாட்டரி கிடையாது. சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால், அதிலிருந்து வரும் ரேடியோ அலையே சிப்புக்குச் சக்தி கொடுக்கும். உடனே அது தன் 15 இலக்க எண்ணை ஒப்பித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். பாட்டரி இல்லாததால் தீர்ந்துபோவதும் கிடையாது. நாயின் ஆயுசு முழுக்க உழைக்கும்.

இங்கே எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி: “சிப் போட்டுட்டா, நாய் எங்க இருக்குன்னு செல்போன்ல பார்க்கலாமா சார்?” முடியாது சார். இது ஜி.பி.எஸ். இல்லை. சில அங்குல தூரத்துக்குள் ஸ்கேனரை வைத்தால்தான் பேசும். பேசினாலும் எண்ணை மட்டும்தான் சொல்லும். உங்கள் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வெளியே ஒரு பதிவேட்டில், அந்த எண்ணுக்கு நேராக எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. எழுதவில்லையென்றால் அது வெறும் 15 இலக்க லாட்டரி நம்பர்.

அமெரிக்காவில் 53 பிராணிக் காப்பகங்களில் கணக்கெடுத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தெருவில் அலைந்து காப்பகத்துக்கு வந்த நாய்களில் மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 22 வீடு போய்ச் சேர்ந்தன. சிப் உள்ள நாய்களில் நூற்றுக்கு 52. இரண்டு மடங்குக்கும் மேலே! பூனைகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். மொத்தத்தில் நூற்றுக்கு 2 கூடத் தேறவில்லை, சிப் இருந்தால் 38.

அப்படியானால் சிப் இருந்தும் மிச்சம் 48 நாய்கள் ஏன் போகவில்லை? அதையும் தோண்டியிருக்கிறார்கள். சிப் இருந்தும் சொந்தக்காரரைப் பிடிக்க முடியாததற்கு முதல் காரணம், பதிவேட்டில் இருந்த போன் நம்பர் தப்பு, அல்லது உபயோகத்தில் இல்லை. மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தக் கேஸ்தான்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம ஊர் இளைஞர்கள் ஞாபகம்தான் வந்தது. ஆஃபர் பார்த்து சிம் மாற்றும் வீரர்களே! பாங்க்குக்குச் சொல்கிறீர்கள், ஆதாருக்குச் சொல்கிறீர்கள், பழைய காதலிக்கு மட்டும் சொல்லாமல் விடுகிறீர்கள். நல்லது. நாயின் பதிவேட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்க்குச் சிப் கட்டாயம். சிப் போட்டால் மட்டும் போதாது, விலாசம் மாறினால் திருத்த வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

நம்ம சென்னையும் களத்தில் இறங்கியாச்சு. வளர்ப்பு நாய்க்கு உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் மாநகராட்சி அறிவித்தது. அபராதம் என்றதும்தான் நமக்கு அன்பு பொங்கும். முகாம்களில் ஒரே க்யூ. ராட்வீலருக்குப் பின்னால் பொமரேனியன், அதற்குப் பின்னால் நாட்டு நாய் என்று ஒரு நடமாடும் சமத்துவபுரம். நவம்பர் 23 என்றிருந்த கடைசித் தேதி டிசம்பருக்குத் தள்ளிப்போனது. கடைசித் தேதி தள்ளிப்போகாவிட்டால் அது நம்ம ஊரே இல்லையே!

ஆனால் சிப் போட்டாச்சு என்று கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். டீக்கடை மாஸ்டரிடம் பாய்லர் உண்டு, வடிகட்டி உண்டு, ஸ்கேனர் கிடையாது. அவருக்காகத்தான் தகடு. சாவி ரிப்பேர் கடையிலோ, நேம் போர்டு கடையிலோ சின்ன எவர்சில்வர் தகட்டில் போன் நம்பரை வெட்டித் தருவார்கள். ஓட்டல் டிபன் செலவுதான். இரண்டு நம்பர் போடுங்கள். அதுவும் வேண்டாமென்றால், பட்டையின் உள்பக்கம் அழியாத மார்க்கரில் எழுதுங்கள், காசே வேண்டாம். தகடு அறுந்தால் சிப் காப்பாற்றும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் தகடு காப்பாற்றும்.

* * *

அப்படியும் தொலைந்துவிட்டால்?

முதல் வேலை, பக்கத்திலேயே தேடுங்கள். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க சர்வேயில், தொலைந்த நாய்களில் 93 சதவீதம் திரும்பக் கிடைத்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி, அக்கம்பக்கத்தில் கால்நடையாகத் தேடிக் கிடைத்தவை. ஆகவே உடனே கிளம்புங்கள். நின்றிருக்கும் காருக்கு அடியில், கட்டி முடிக்காத வீட்டுக்குள், கால்வாய் ஓரத்தில் குனிந்து பாருங்கள்.

இரண்டாவது, தெருவை முழுசாகப் பார்ப்பவர்களிடம் சொல்லுங்கள். பேப்பர் பையன், பால்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், துப்புரவு ஊழியர், சாப்பாடு டெலிவரி தம்பிகள். நூறு வாட்ஸ்அப் கைகூப்பலுக்கு இவர்களில் ஒருத்தர் சமானம்.

மூன்றாவது, வெட்னரி டாக்டர்கள், பிராணிக் காப்பகங்கள், மாநகராட்சி மூன்றுக்கும் தகவல் கொடுங்கள். சென்னை என்றால் 1913.

போஸ்டரில் படம் பெரிசாக, நம்பர் அதைவிடப் பெரிசாக இருக்கட்டும். ஆனால் ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்கால் மச்சம், வால் நுனி வெள்ளை, இப்படி ஏதாவது. ‘நாய் என்கிட்டதான் இருக்கு, மொதல்ல ஜி-பே பண்ணுங்க’ என்று எவனாவது கூப்பிட்டால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். பதில் வராது, லைன் கட்டாகும்.

நாயைப் பார்த்துவிட்டால் ‘டேய்ய்’ என்று துரத்தாதீர்கள். மிரண்டுபோன நாய்க்குத் துரத்துகிறவன் சொந்தக்காரனா, வில்லனா என்று தெரியாது. உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகப் பேரைச் சொல்லுங்கள். அப்போதுதான், போஸ்டரில் எழுதியபடி, பேர் சொன்னா வரும்.

நீங்கள் யாருடைய நாயையாவது கண்டெடுத்தால்? தண்ணீர் வையுங்கள். கழுத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வெட்னரி டாக்டரிடம் கொண்டுபோய் சிப் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் வந்து ‘என்னுது’ என்று சொல்பவரிடம் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய போட்டோவைக் கேளுங்கள். பயந்த நாய் கடிக்கவும் செய்யும். கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ‘பார்த்தா நல்ல குடும்பத்து நாய் மாதிரி இருந்துச்சு’ என்பதெல்லாம் மருத்துவம் ஆகாது. வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை.

“இதெல்லாம் எனக்கெதுக்கு சார்? நான் மேன்ஷன் பேச்சிலர். இங்க எனக்கே இடமில்லை, நாய்க்கு எங்க போறது?” என்கிறீர்களா?

உங்களுக்கு இல்லை. ஊரில் அம்மா அப்பாவிடம் ஒரு ஜிம்மியோ மணியோ இருக்கும். நீங்கள் வேலைக்கு வந்தபிறகு, வீட்டில் ‘சாப்பிட்டியா?’ என்று அவர்கள் தினமும் கேட்பது அதனிடம்தான். அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, ஸ்வீட் பாக்ஸோடு ஒரு தகட்டையும் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். பண்டிகைக்கு முன்னாலேயே கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

ஒரு விஷயம். அதில் முதல் நம்பராக அம்மா நம்பரையே போடுங்கள். உங்கள் நம்பர் வேண்டாம். அம்மா கூப்பிட்டாலே ‘மீட்டிங்ல இருக்கேன்’ என்று கட் பண்ணுகிறவர் நீங்கள். டீக்கடை அண்ணன் கூப்பிட்டா எடுக்கப் போகிறீர்கள்?